பீவர் தோலும் பெமிக்கன் மூட்டையும்: ஆற்றங்கரைக் கோட்டைகள் பற்றி வாசகர் கேள்விகள்

சென்ற இதழில் மேற்குக் கனடாவில் ஓடும் வடக்கு சஸ்காச்சுவான் ஆற்றங்கரையில் இருந்த பழைய ரோமத்தோல் வணிகக் கோட்டைகளைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களே இந்த இதழுக்குப் போதும் என்று ஆசிரியர் சொல்லிவிட்டார். மற்ற கேள்விகள் அடுத்த இதழுக்குத் தள்ளிப்போகின்றன, பொறுத்துக்கொள்ளுங்கள். நான் எட்மன்டனில் குடியிருப்பவன், இந்த ஆற்றைத் தினமும் கடப்பவன். அதனால் சில பதில்கள் நீளமாகவே வந்துவிட்டன.

கேள்வி: 2025 ஜூனில் ‘ஹட்சன்ஸ் பே’ கடைகள் எல்லாம் மூடப்பட்டபோது, 355 ஆண்டு வயதான கம்பெனி என்று செய்தியில் சொன்னார்கள். எனக்கு அது துணிக்கடையாகத்தான் தெரியும். உண்மையிலேயே தோல் வியாபாரத்தில் தொடங்கியதா, ஐயா? (வாசகி, டொராண்டோ)

ஆமாம் அம்மா, அதே கம்பெனிதான். 1670 மே 2 அன்று இங்கிலாந்து மன்னர் இரண்டாம் சார்லஸ் இந்தக் கம்பெனிக்கு ஒரு பட்டயம் கொடுத்தார். ஹட்சன் விரிகுடாவில் வந்து கலக்கும் ஆறுகள் எங்கெங்கிருந்து ஓடி வருகின்றனவோ அந்த நிலம் முழுவதிலும் வணிகம் செய்யும் தனியுரிமை அவர்களுக்கே என்பது அதன் சாரம். மன்னர் அந்த நிலத்தைக் கண்ணால் பார்த்ததில்லை. அங்கே யார் வாழ்கிறார்கள், அவர்களுக்குச் சம்மதமா என்றும் யாரும் கேட்கவில்லை. மன்னரின் உறவினர் ரூபர்ட் இளவரசர் முதல் ஆளுநர் என்பதால் நிலத்துக்கு ‘ரூபர்ட்ஸ் லேண்ட்’ என்று பெயர் வைத்தார்கள்.

முதல் நூறு ஆண்டுகள் கம்பெனிக்காரர்கள் பெரும்பாலும் கடற்கரையை விட்டு உள்ளே வரவில்லை. யார்க் ஃபாக்டரி போன்ற கடலோரக் கோட்டைகளில் உட்கார்ந்திருந்தார்கள். அந்த நிலத்தின் முதற்குடிகளான க்ரீ மக்களும் அசினிபாய்ன் மக்களும் நூற்றுக்கணக்கான மைல் படகில் வந்து தோலைக் கொடுத்துச் சரக்கு வாங்கிப் போனார்கள். நிலைமையை மாற்றியது பிரெஞ்சுக்காரர்கள். லா வெராந்திரியின் ஆட்கள் 1738-ல் அசினிபாய்ன் ஆற்றங்கரையில் ஃபோர்ட் லா ரெய்ன் கட்டினார்கள். அப்புறம் சஸ்காச்சுவான் ஆற்றிலும் ஏறினார்கள். சரக்கு வீட்டு வாசலுக்கே வரும்போது கடல்வரை எதற்குத் துடுப்புப் போட வேண்டும்?

பதறிப்போன கம்பெனி 1754-ல் ஆண்டனி ஹென்டே என்பவரை மேற்கே அனுப்பியது. அவர் இன்றைய ஆல்பர்டாவரை நடந்து வந்து, பிளாக்ஃபுட் என்ற புல்வெளி முதற்குடியின் தலைவர்களைச் சந்தித்து, கடற்கரைக்கு வாருங்கள் என்று அழைத்தார். அவர்கள் மறுத்துவிட்டார்கள். எங்களுக்குப் படகு பழக்கமில்லை, மீன் தின்னும் வழக்கமில்லை, காட்டெருமைகளின் பின்னால் போனால் எங்களுக்குச் சாப்பாட்டுக்குக் குறைவில்லை, உங்கள் கோட்டைக்கு வருகிறவர்கள் பட்டினி கிடப்பதாகக் கேள்வி என்று சொன்னதாக ஹென்டேயின் நாட்குறிப்பு சொல்கிறது. இந்தப் பதிலை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கோட்டைகளின் கதை முழுவதற்கும் இதுதான் திறவுகோல். யாருக்கு யார் தேவை என்பது அதில் இருக்கிறது.

1763-ல் பிரான்ஸ் கனடாவை பிரிட்டனிடம் இழந்தது. அதற்குப் பிறகு பிரெஞ்சுக்காரர்களின் இடத்தில் மான்ட்ரியால் வணிகர்கள் வந்தார்கள். கம்பெனிக்கு வேறு வழியில்லாமல் போயிற்று. 1774-ல் சாமுவேல் ஹெர்ன் உள்நாட்டில் கம்பர்லண்ட் ஹவுஸ் கட்டினார். அந்த ஊர் இன்றும் இருக்கிறது, சஸ்காச்சுவான் மாகாணத்தில் தொடர்ந்து மக்கள் வாழும் ஊர்களில் அதுதான் மூத்தது.

கேள்வி: ஐரோப்பாவுக்கு இத்தனை பீவர் தோல் எதற்கு? குளிருக்கா? (வாசகர், கால்கரி)

குளிருக்கு இல்லை, தொப்பிக்கு. ஓடையில் அணை கட்டி வாழும் பீவர் என்ற கொறிவிலங்கின் உடம்பில் இரண்டு அடுக்கு மயிர் இருக்கும். மேலே நீண்ட முரட்டு மயிர், அடியில் மென்மையான பொடிமயிர். அந்தப் பொடிமயிரின் ஒவ்வொரு இழையிலும் நுண்ணிய கொக்கிகள் உண்டு. அடித்து, நனைத்து, அழுத்தினால் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு உறுதியான கம்பளமாகிவிடும். மழையில் நனைந்தாலும் வடிவம் கெடாது. இதில் செய்த தொப்பிதான் ஐரோப்பாவில் நெடுங்காலம் கௌரவத்தின் அடையாளம்.

முதற்குடி மக்கள் உடுத்திப் பழகிய பழைய பீவர் அங்கிக்குத்தான் தொடக்கத்தில் அதிக மதிப்பு. உடம்பில் உரசி உரசி முரட்டு மயிர் தானாக உதிர்ந்திருக்கும், தொப்பிக்காரருக்குப் பாதி வேலை மிச்சம். பின்னாளில் பாதரசக் கரைசலைத் தடவி மயிரைப் பதப்படுத்தினார்கள். அந்த ஆவியைச் சுவாசித்த தொழிலாளர்களுக்குக் கை நடுங்கியது, புத்தி பேதலித்தது. 1830-களுக்குப் பிறகு பட்டுத் தொப்பி வந்து பீவரின் மவுசு குறைந்தது.

கேள்வி: துப்பாக்கியை நிறுத்தி வைத்து, அதன் உயரத்துக்குத் தோலை அடுக்கினால்தான் கொடுப்பார்களாமே? அதற்காகவே துப்பாக்கியை நீளமாகச் செய்தார்களாம். பள்ளியில் என் மகனுக்கு இப்படிச் சொல்லியிருக்கிறார்கள். (வாசகர், சாஸ்கடூன்)

இது நெடுங்காலமாக உலவும் கதை. நடந்ததில்லை. உலர்ந்த பீவர் தோலைத் துப்பாக்கி உயரத்துக்கு அடுக்கினால் நூற்றைத் தாண்டும். உண்மையில் ஒரு துப்பாக்கியின் விலை, இடத்துக்கும் காலத்துக்கும் ஏற்ப, 10 தோல், 12 தோல், 14 தோல் என்ற அளவில்தான் இருந்தது.

கம்பெனியிடம் விலைப்பட்டியல் இருந்தது. நல்ல பதத்தில் உள்ள ஒரு முழு பீவர் தோல்தான் கணக்கின் அலகு. நரித்தோல் இத்தனை பீவர், ஓநாய்த்தோல் இத்தனை பீவர், கம்பளி இத்தனை, கோடரி இத்தனை என்று எல்லாமே அதில் எழுதப்படும். காசு புழங்காத இடத்தில் அதுவே காசு. (ஹட்சன்ஸ் பே கம்பளியின் ஓரத்தில் உள்ள சிறு கோடுகளும் விலையைக் காட்டுவதாகச் சொல்வார்கள். அவை கம்பளியின் அளவைக் காட்டுபவை.)

அந்தக் கதையில் எனக்கு வருத்தம் தருவது வேறு. வாங்க வந்தவர்களை அது விவரமற்றவர்களாகக் காட்டுகிறது. கம்பெனி நிர்வாகிகள் லண்டனுக்கு எழுதிய கடிதங்களைப் பார்த்தால் படம் தலைகீழாக இருக்கும். செப்புப் பாத்திரம் கனமாக இருக்கிறது, தூக்கிக்கொண்டு அலைய முடியாது என்கிறார்கள், இந்த நிற மணி வேண்டாம் என்கிறார்கள், துப்பாக்கி குளிரில் வெடித்துவிடுகிறது, நல்லதாக அனுப்புங்கள் என்று கெஞ்சுகிறார்கள். புகையிலை பிரேசில் நாட்டுச் சரக்காக இருக்க வேண்டும், கயிறுபோல் முறுக்கியதாக இருக்க வேண்டும். வேறு எதைக் கொடுத்தாலும் ஒதுக்கிவிட்டுப் போய்விடுவார்கள். அதற்காகவே கம்பெனி லிஸ்பனில் பிரேசில் புகையிலை வாங்கி, ஆர்க்டிக் பனிக்கடல் வழியாகக் கொண்டுவந்தது.

வியாபாரமும் வந்தவுடன் தொடங்காது. முதலில் வானத்தை நோக்கி வேட்டு, அப்புறம் புகைக்குழாய் கைமாறும், தலைவருக்குச் சரிகை வைத்த மேலங்கி அன்பளிப்பாகப் போகும். உறவு உறுதியான பிறகே கணக்கு.

ஏமாற்றே நடக்கவில்லை என்று நான் சொல்லவில்லை. பட்டியல் விலைக்கு மேல் வாங்கி, அந்த உபரியைத் தனிக்கணக்காகவே எழுதி வைத்தார்கள். சாராயத்தில் தண்ணீர் கலந்தார்கள். இரண்டு கம்பெனிகள் போட்டி போட்ட ஆண்டுகளில் சாராயம் ஆறாய் ஓடியது, அது குடும்பங்களைச் சிதைத்தது. இந்த வணிகத்தில் மன்னிக்க முடியாத பகுதி அதுதான்.

கேள்வி: பீவர் காட்டு ஓடைகளில் வாழ்வது. புல்வெளியில் அது குறைவு என்று நீங்களே எழுதினீர்கள். பிறகு ஏன் இந்த ஆற்றங்கரையில் இத்தனை கோட்டைகள்? (பொறியியல் மாணவர், எட்மன்டன்)

நல்ல இடத்தில் கை வைத்தீர்கள் தம்பி. இந்த மாதம் வந்தவற்றில் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது.

புல்வெளி ஆற்றுக் கோட்டைகள் தோல் வாங்கின, ஓநாய்த்தோலும் நரித்தோலும் காட்டெருமைத் தோலும் வந்தன. ஆனால் அவற்றின் முதல் வேலை சோறு போடுவது. விலையுயர்ந்த பீவர் கிடைத்தது வடக்கே, அதபாஸ்கா காட்டுப் பகுதியில். அங்கிருந்து மான்ட்ரியாலுக்கோ ஹட்சன் விரிகுடாவுக்கோ ஆற்றில் உறைபனி இல்லாத சில மாதங்களுக்குள் போய்த் திரும்ப வேண்டும். விடியும் முன் தொடங்கி இருட்டும்வரை துடுப்பு. அருவி வந்தால் படகையும் சரக்கையும் தோளில் சுமக்க வேண்டும். ஒரு பொதி 90 ராத்தல், அதாவது ஏறக்குறைய 41 கிலோ. ஒரு நடைக்கு ஆளுக்கு இரண்டு பொதி. வழியில் நின்று வேட்டையாட நேரம் ஏது? வேட்டையாடினால் குளிர் முந்திக்கொள்ளும். படகில் அரிசி மூட்டையும் மாவு மூட்டையும் ஏற்றினால் சரக்குக்கு இடம் இருக்காது.

இந்தச் சிக்கலுக்கு விடை பெமிக்கன். அதைக் கண்டுபிடித்தது எந்தக் கம்பெனியும் இல்லை, புல்வெளி மக்கள். காட்டெருமை இறைச்சியை மெல்லிய தாள்களாக அரிந்து, குச்சிப் பந்தலில் வெயிலிலும் இளம்புகையிலும் காயவைப்பார்கள். சருகாகக் காய்ந்ததும் தோல்விரிப்பில் போட்டுக் கல்லால் அடித்துத் தூளாக்குவார்கள். முடியோடு தைத்த எருமைத்தோல் பையில் அந்தத் தூளைப் போட்டு, உருக்கிய கொழுப்பை ஏறக்குறைய பாதிக்குப் பாதி ஊற்றிக் கிளறுவார்கள். கிடைத்தால் சாஸ்கடூன் பழமும் சேரும். பையின் வாயைத் தைத்து, கொழுப்பு இறுகும் முன் மேலே ஏறி மிதித்துத் தட்டையாக்குவார்கள். அப்போதுதான் படகில் அடுக்க வசதி. அதுவும் 90 ராத்தல் மூட்டை. ஆண்டுக்கணக்கில் கெடாது, சமைக்க வேண்டாம், ஒரு நாளைக்கு ஒன்றரை இரண்டு ராத்தல் இருந்தால் துடுப்புப் போடுகிறவனுக்குப் போதும். கோட்டையில் சும்மா இருக்கும் நாளில் அதே ஆளுக்குப் பச்சை இறைச்சி 8 ராத்தல்வரை படியளந்தார்கள்.

அரிந்தது, காயவைத்தது, அடித்தது, தைத்தது எல்லாம் பெண்கள். க்ரீ, அசினிபாய்ன், பிளாக்ஃபுட் பெண்கள், முதற்குடிப் பெண்களும் ஐரோப்பிய வணிகர்களும் மணந்த குடும்பங்களில் உருவான மெட்டிஸ் மக்களின் பெண்கள். கோட்டைக் கணக்கேட்டில் மூட்டையின் எண்ணிக்கை இருக்கும், செய்தவளின் பெயர் இருக்காது. ஒரு கண்டத்தின் போக்குவரத்து முழுவதும் அவர்கள் கை உழைப்பில் ஓடியது என்று சொன்னால் அது மிகையே இல்லை. படிக்கிற வயதில் இருக்கிறீர்கள், இதை விரிவாகத் தேடிப் படியுங்கள்.

பெமிக்கன் எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு ஒரு சான்று. ஹட்சன்ஸ் பே கம்பெனியின் பங்குதாரரான செல்கர்க் பிரபுவின் குடியேற்றத்தை ரெட் ஆற்றங்கரையில் நடத்திய மைல்ஸ் மக்டோனெல், குடியேறியவர்களுக்கு உணவு போதாது என்று 1814 ஜனவரியில் பெமிக்கனை வெளியே கொண்டுபோகத் தடை போட்டார். மான்ட்ரியால் வணிகர்களின் போட்டிக் கம்பெனியான நார்த் வெஸ்ட் கம்பெனியின் படகுகள் எல்லாம் அந்த பெமிக்கனை நம்பித்தான் இருந்தன. அதைச் செய்து விற்ற மெட்டிஸ் மக்களுக்கு அது பிழைப்பு. பகை முற்றி, 1816 ஜூன் 19 அன்று செவன் ஓக்ஸ் என்ற இடத்தில் கத்பர்ட் கிரான்ட் தலைமையிலான மெட்டிஸ் குதிரைவீரர்களும் ஆளுநர் ராபர்ட் செம்பிளின் ஆட்களும் மோதினார்கள். செம்பிளும் அவர் பக்கத்தில் 20 பேரும் இறந்தார்கள். இப்படி அடித்துக்கொண்டே இரண்டு கம்பெனிகளும் நொடிந்து, 1821-ல் ஒன்றாக இணைந்தன. பெயர் மட்டும் ஹட்சன்ஸ் பே என்றே நீடித்தது.

கேள்வி: எதிரிக் கம்பெனிகள் ஏன் பக்கத்துப் பக்கத்திலேயே கோட்டை கட்டின? (வாசகி, ரெஜைனா)

வாடிக்கையாளர் ஒருவரே என்பதால்தான். ஒருவர் எங்கே கட்டினாலும் மற்றவர் அடுத்த சீசனிலேயே கண்ணுக்கெட்டும் தூரத்தில் வந்து நிற்பார். யார் வருகிறார்கள், எவ்வளவு தோல் இறங்குகிறது என்று உளவு பார்க்கலாம். இன்னொரு காரணமும் உண்டு. தாக்குதல் வந்தால் துணைக்கு ஆள் வேண்டுமே. பகலில் வாடிக்கையாளரைப் பறிப்பதும், பண்டிகை நாளில் சேர்ந்து பிடில் வாசித்து ஆடுவதும் ஒரே ஆட்கள்தான்.

எல்க் பாயின்ட் ஊருக்குப் பக்கத்தில் இதற்கு நல்ல உதாரணம் இருக்கிறது. 1792-ல் நார்த் வெஸ்ட் கம்பெனி ஃபோர்ட் ஜார்ஜ் கட்டியது. அதே ஆண்டு ஹட்சன்ஸ் பே கம்பெனி பக்கத்திலேயே பக்கிங்ஹாம் ஹவுஸ் கட்டியது. இரண்டுமே பத்தாண்டுகூட நிற்கவில்லை. சுற்றிலும் விறகு தீர்ந்து, வேட்டை விலங்கும் குறைந்ததும் ஆற்றோடு நகர்ந்துவிட்டார்கள். அங்கே போகிறவர்கள் கோட்டையைத் தேடி ஏமாந்து திரும்புகிறார்கள். தரையைப் பார்க்க வேண்டும். புல்லுக்கடியில் அங்கங்கே குழிவு தெரியும், அவை வீட்டுக்கடியில் தோண்டிய சேமிப்பறைகள். பக்கத்தில் மேடாகக் கல் குவிந்திருந்தால் அது இடிந்த புகைபோக்கி. குழிவையும் மேட்டையும் வைத்தே எந்த அறை எங்கே இருந்தது என்று ஊகித்துவிடலாம்.

எங்கள் ஊரும் அப்படி நகர்ந்து வந்ததுதான். எட்மன்டன் ஹவுஸ் 1795-ல் கட்டப்பட்டது இங்கே இல்லை, ஆற்றின் கீழ்ப்பக்கம், இன்றைய ஃபோர்ட் சஸ்காச்சுவான் பக்கம். பிறகு இடம் மாறியது, மறுபடி மாறியது, திரும்பி வந்தது. வெள்ளத்துக்குப் பயந்து 1830-ல் மேட்டில் ஏறியது. இன்று சட்டமன்றக் கட்டடம் நிற்கிற சரிவு அது. புதிய சட்டமன்றமும் அதன் காலடியில் பழைய மரக்கோட்டையும் சில ஆண்டுகள் சேர்ந்தே நின்றன. 1915-ல் கோட்டையைப் பிரித்துப் போட்டுவிட்டார்கள். காப்பாற்றியிருக்கலாம் என்று இந்த ஊரில் பலருக்கு இன்றும் மனக்குறை உண்டு, எனக்கும் உண்டு.

கேள்வி: கோட்டைகளில் பெண்களே இல்லையா? படங்களில் எல்லாம் தாடிக்கார ஆண்கள்தான் தெரிகிறார்கள். (ஆசிரியை, வின்னிபெக்)

இருந்தார்கள் அம்மா, அவர்கள் இல்லாமல் கோட்டை ஒரு குளிர்காலம் தாண்டியிருக்காது. ஹட்சன்ஸ் பே கம்பெனியின் ஆட்களில் பெரும்பாலோர் ஸ்காட்லாந்துக்கு வடக்கே உள்ள ஆர்க்னி தீவுகளிலிருந்து வந்த இளைஞர்கள். பனிக்காலணி இல்லாமல் இங்கே பத்தடி நடக்க முடியாது. அதைப் பின்னத் தெரிந்தவர்கள் க்ரீ பெண்கள். மான்தோல் காலுறை, உடை, உணவு, பேச்சுக்கு மொழிபெயர்ப்பு, உறவினர் வழியாக வரும் வியாபாரம், எல்லாம் அவர்கள் மூலம். பாதிரியார் இல்லாத நாட்டில் இரு குடும்பங்களின் சம்மதத்தோடு நடந்த திருமணங்கள் இவை. சிலர் வேலை முடிந்ததும் மனைவி மக்களை விட்டுவிட்டுக் கப்பலேறிப் போனார்கள். சிலர் கடைசிவரை கூட வாழ்ந்தார்கள்.

நில அளவையாளர் டேவிட் தாம்சன் 1799-ல் ஷார்லட் ஸ்மாலை மணந்தார். ஷார்லட்டின் தாய் க்ரீ, தந்தை நார்த் வெஸ்ட் கம்பெனிக்காரர். குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு கணவரோடு மலையும் ஆறும் கடந்தவர் அவர். 13 பிள்ளைகள், ஏறக்குறைய 57 ஆண்டு இல்லறம். 1857-ல் தாம்சன் இறந்து மூன்று மாதத்தில் ஷார்லட்டும் போய்ச் சேர்ந்தார்.

இன்னொருவர் இசபெல் கன், ஆர்க்னிப் பெண். 1806-ல் ஜான் ஃபப்பிஸ்டர் என்ற பெயரில் ஆண்வேடத்தில் கம்பெனி வேலைக்குச் சேர்ந்தார். மற்ற ஆட்களோடு சமமாகப் பொதி சுமந்தார், துடுப்புப் போட்டார். ரெட் ஆற்றங்கரையில் பெம்பினாவில் 1807 டிசம்பர் கடைசியில் அவருக்குக் குழந்தை பிறந்தபோதுதான் உண்மை வெளியானது. அதற்குப் பிறகு அவருக்குத் துணி துவைக்கும் வேலை கொடுத்து, 1809-ல் ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். செய்துகொண்டிருந்த வேலையை அவர் குறையாகச் செய்ததாக யாரும் சொல்லவில்லை. இது எனக்கு ஆறாத விஷயம்.

உங்கள் வகுப்புப் பிள்ளைகளுக்கு இதையும் சொல்லுங்கள்: இந்தக் குடும்பங்களிலிருந்துதான் மெட்டிஸ் என்ற ஒரு மக்களினமே உருவானது.

கேள்வி: வணிகர்கள் கொண்டுவந்த அம்மைதான் முதற்குடிகளை அழித்ததா? (மருத்துவத் துறை வாசகர், லெத்பிரிட்ஜ்)

1781–82-ல் புல்வெளியைச் சூறையாடிய பெரியம்மை கோட்டைகளிலிருந்து தொடங்கவில்லை. அது மெக்சிகோ பக்கத்திலிருந்து, குதிரைகள் கைமாறிய பாதை வழியாக வடக்கே ஏறியது. ஆனால் ஐரோப்பியர் இந்தக் கண்டத்துக்குக் கொண்டுவந்த நோய் என்பதில் மாற்றமில்லை.

டேவிட் தாம்சன் பதினேழு வயதில் ஒரு குளிர்காலம் பிளாக்ஃபுட் கூட்டத்தைச் சேர்ந்த பீகன் மக்களோடு தங்கினார். அங்கே சௌகமாப்பி என்ற முதியவர் அவருக்குச் சொன்ன நினைவு பதிவாகியிருக்கிறது. பீகன் வீரர்கள் விடியற்காலையில் எதிரி முகாமின் மீது பாய்ந்தார்கள். கூடாரத்தைக் கத்தியால் கிழித்தார்கள். உள்ளே எதிர்த்து நிற்க ஆளில்லை, இறந்தவர்களும் இறந்துகொண்டிருந்தவர்களும்தான் கிடந்தார்கள். நல்ல பொருள்களை எடுத்துக்கொண்டு திரும்பினார்கள். சில நாளில் நோய் அவர்கள் கூடாரத்திலும் பரவியது. ஒருவரிடமிருந்து ஒருவருக்கு நோய் தாவும் என்பதே அதுவரை அவர்களுக்குத் தெரியாது.

கம்பர்லண்ட் ஹவுஸில் அப்போது பொறுப்பில் இருந்தவர் வில்லியம் டாமிசன். நோயாளிகளை உள்ளே எடுத்து உணவு கொடுத்தார், இறந்தவர்களைத் தம் ஆட்களை வைத்துப் புதைத்தார். அவருடைய நாட்குறிப்பில் அந்த மாதங்களைப் படிக்கும்போது பக்கத்தைத் திருப்பவே கை வராது.

கேள்வி: தாம்சன், ஃபிட்லர் போன்றவர்கள் இந்த நிலத்தைக் கண்டுபிடித்து வரைபடம் போட்டார்கள் என்கிறார்களே? (வாசகர், எட்மன்டன்)

அளந்து வரைந்தது உண்மை, அந்த உழைப்புக்கு நான் தலைவணங்குகிறேன். கண்டுபிடித்ததாகச் சொல்ல மாட்டேன். தெற்கு சஸ்காச்சுவான் ஆற்றங்கரையில் செஸ்டர்ஃபீல்ட் ஹவுஸ் என்ற கோட்டையில் 1801-ல் ஹட்சன்ஸ் பே கம்பெனியின் நில அளவையாளர் பீட்டர் ஃபிட்லர் இருந்தபோது, அக் கோ மொக் கி என்ற பிளாக்ஃபுட் தலைவர் அவருக்கு ஒரு படம் வரைந்து கொடுத்தார். ராக்கி மலைத்தொடர், அதிலிருந்து இறங்கும் மிசௌரி ஆற்றின் கிளைகள், எந்த இடத்துக்கு எத்தனை நாள் பயணம், எங்கே எந்த மக்கள், எல்லாம் அதில் இருந்தன. ஃபிட்லர் அதை லண்டனுக்கு அனுப்பினார். அங்கே வரைபடம் அச்சிட்டு வந்த ஆரோஸ்மித் தம் அச்சுப் படத்தில் அதைச் சேர்த்துக்கொண்டார். அந்தப் படம் அமெரிக்காவில் மேற்குக் கடல்வரை போன லூயிஸ், கிளார்க் பயணத்துக்கும் உதவியது.

கேள்வி: கோட்டையில் விருந்து என்றால் என்ன சாப்பிடுவார்கள்? (வாசகி, சர்ரே)

ஓவியர் பால் கேன் 1847 கிறிஸ்துமஸை எட்மன்டன் கோட்டையில் கழித்தார். அவர் எழுதியபடி மேசையில் இருந்தவை: அவித்த காட்டெருமைத் திமில், பிறக்காத எருமைக் கன்று, உலர்ந்த மூஸ் மானின் மூக்கு, எலும்பு மஜ்ஜையில் பொரித்த வெள்ளைமீன், பீவர் வால், காட்டு வாத்து. கூடவே உருளைக்கிழங்கும் டர்னிப்பும் ரொட்டியும். சாப்பாடு முடிந்ததும் ஆட்டம். மற்ற நாள்களில் இறைச்சி, இறைச்சி, மறுபடி இறைச்சி.

கேள்வி: கடைசியில் இந்தக் கோட்டைகள் எப்படி முடிந்தன? நிலம் யாருக்குப் போனது? (வாசகர், பிரின்ஸ் ஆல்பர்ட்)

கம்பெனி ரூபர்ட்ஸ் லேண்டை கனடா அரசுக்கு விட்டுக்கொடுத்தது. 1870 ஜூலை 15-ல் அது நடைமுறைக்கு வந்தது. விலை 3,00,000 பவுண்டு. அதோடு கோட்டைகளைச் சுற்றியுள்ள நிலமும், வளமான பகுதியில் இருபதில் ஒரு பங்கும் கம்பெனிக்கே. அங்கே வாழ்ந்தவர்களிடம் 1670-ல் கேட்கவில்லை, இப்போதும் கேட்கவில்லை. ரெட் ஆற்றங்கரையில் லூயி ரியல் தலைமையில் மெட்டிஸ் மக்கள் எழுந்ததற்கு இதுவே காரணம். 1871-ல் ஸ்வீட் கிராஸ் என்ற க்ரீ தலைவர் எட்மன்டன் கோட்டை வழியாக ஆளுநருக்குச் செய்தி அனுப்பினார். எங்கள் நிலம் விற்கப்பட்டதாகக் கேள்விப்பட்டோம், எங்களுக்கு அது பிடிக்கவில்லை, அது எங்கள் சொத்து, அதை விற்க யாருக்கும் உரிமையில்லை என்பது அந்தச் செய்தி.

1876 ஆகஸ்டில் உங்கள் ஊருக்குத் தென்மேற்கே ஃபோர்ட் கார்ல்டனில், நிலம் குறித்து அரசுக்கும் முதற்குடிகளுக்கும் இடையே ஆறாம் ஒப்பந்தம் பேசப்பட்டது. மொழிபெயர்ப்பாளராக இருந்த பீட்டர் எராஸ்மஸ் பின்னாளில் சொன்ன நினைவில், க்ரீ மக்களில் ஒருவரான பவுண்ட்மேக்கர் எழுந்து பேசியது இருக்கிறது. இது எங்கள் நிலம், துண்டு துண்டாக வெட்டி எங்களுக்கே திருப்பிக் கொடுக்க இது பெமிக்கன் இல்லை என்றார். கூட்டம் ஆரவாரித்தது. ஆனால் மிஸ்டவாசிஸ், அதாகாகூப் போன்ற மூத்த தலைவர்கள் காட்டெருமை அழிந்துவருவதைக் கண்ணால் பார்த்தவர்கள். பிள்ளைகளின் பிழைப்பை எண்ணி ஒப்பினார்கள். பஞ்சத்திலும் கொள்ளைநோயிலும் உதவி வேண்டும், மருந்துப்பெட்டி வேண்டும் என்று வாதாடி ஒப்பந்தத்தில் எழுத வைத்தவர்கள் க்ரீ தலைவர்கள்தான். 1879 வாக்கில் கனடாப் புல்வெளியில் காட்டெருமை இல்லாமல் போயிற்று. பெமிக்கனும் முடிந்தது, அதற்காக எழுந்த கோட்டைகளும் முடிந்தன.

ஃபோர்ட் கார்ல்டன் 1885 மார்ச் கடைசியில், மெட்டிஸ் மக்களோடு நடந்த டக் லேக் சண்டைக்குப் பிறகு போலீஸ் படை காலி செய்துகொண்டு போகும்போது தீப்பிடித்து எரிந்தது. ஃபோர்ட் பிட்டும் அதே ஆண்டு எரிந்தது.

கேள்வி: விடுமுறைக்கு மேற்கே வருகிறோம், பிள்ளைகள் இரண்டு பேர். எதைப் பார்க்கலாம்? (வாசகி, மிசிசாகா)

பிள்ளைகளோடு என்றால் முதலில் எட்மன்டனில் ஃபோர்ட் எட்மன்டன் பார்க். 1846 காலத்துக் கோட்டையை மறுபடி கட்டி வைத்திருக்கிறார்கள். உள்ளே தோலை 90 ராத்தல் பொதியாக நெருக்கும் மர அழுத்தியையும், ஆர்க்னிக்காரர்களின் யார்க் படகையும் காட்டுங்கள். ராக்கி மவுன்டன் ஹவுஸில் கடைசிக் கோட்டையின் இரண்டு கல் புகைபோக்கிகள் நிற்கின்றன, ஆற்றோரம் நடக்கப் பாதையும் உண்டு. சஸ்காச்சுவான் பக்கம் போனால் ஃபோர்ட் கார்ல்டன். அங்கே மதிலும் சில கட்டடங்களும் மறுபடி எழுப்பியவை. பெரியவர்களுக்கு நான் சொல்வது எல்க் பாயின்ட் பக்கத்து ஃபோர்ட் ஜார்ஜ்–பக்கிங்ஹாம் ஹவுஸ், ஆனால் பிள்ளைகளுக்கு அங்கே பொறுமை இருக்காது.

வின்னிபெக் வழியாக வருவதானால் லோயர் ஃபோர்ட் கேரியின் கல்மதிலைப் பாருங்கள். கம்பெனியின் ஆவணக்காப்பகமும் அதே நகரத்தில்தான். கோட்டை நாட்குறிப்புகளில் நிறைய இணையத்தில் இலவசமாகப் படிக்கக் கிடைக்கின்றன, கையெழுத்து பழக ஒரு வாரம் ஆகும். இந்த இடங்களில் பல கோடையில் மட்டும் திறந்திருப்பவை. செப்டம்பரில் வருவதானால் முன்கூட்டியே விசாரித்துக்கொண்டு கிளம்புங்கள்.